உரக்குழிப் பொறுப்பாசிரியர்

அன்பும் மரியாதையும் கலந்து அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மூவரில் இருவர் சுகம், மூன்றாவது ஆள் நான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். நான் இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் என் மகளுக்குக் கேட்கும். விஷயமே அவளைப் பற்றியது என்பதால் கடிதம்.

எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பித்து அதற்கு என்னைப் பொறுப்பாசிரியராகப் போட்டிருக்கிறார்கள். வரலாற்று வாத்தியாருக்கும் செடிகொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். எனக்கு சைனஸ் தொல்லை இருப்பதால் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை அணைத்துவிடுவது வழக்கம். இதைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை, நான் மின்சாரத்தைச் சேமிப்பதாக நினைத்து உருகிப் போயிருக்கிறார். கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "நம்ம சார் மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும், பூமி பிழைச்சுக்கும்" என்றார். எல்லாம் மூக்கடைப்பு செய்த வேலை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கை தட்டிவிட்டார்கள். கை தட்டினால் நான் எதற்கும் தலையாட்டுவேன் என்பது சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரிந்ததுதான்.

முதல் திட்டம் உரக்குழி. வீட்டிலிருந்து காய்கறித் தோலும் பழத்தோலும் கொண்டுவந்து போட்டு, மக்கவைத்து, பள்ளித் தோட்டத்துக்கு உரமாக்குவது. நிழலாக இருக்கிறதே என்று தலைமையாசிரியை அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே குழி வெட்டச் சொன்னவன் நான். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று, எந்த வகுப்பு அதிக எடை கொண்டுவருகிறதோ அதற்குக் கேடயம் என்று அறிவித்தவனும் நானே. முதல் வாரம் தோல் வந்தது, இரண்டாம் வாரம் தோலோடு காயும் வந்தது, மூன்றாம் வாரம் நான்காம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் தூக்க முடியாமல் ஒரு முழுப் பரங்கிக்காயைத் தூக்கிவந்து தராசில் வைத்தார்கள். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டில் பிடிக்காத காயையெல்லாம் ஒதுக்கி, "பூமிக்குக் கொடுக்கறோம் சார்" என்று என்னிடமே காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு குழந்தையின் அப்பா வாசலில் என்னை மடக்கி, "சார், எங்க வீட்ல கேரட் வாங்கினா நேரா உங்க குழிக்குத்தான் போகுது. நாங்க எப்ப சார் சாப்பிடறது?" என்று கேட்டார். இதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று படுத்துவிட்டாள்.

இத்தனை கூத்துக்கும் நடுவே ஒழுங்காக வேலை பார்த்த ஒரே ஆள் உன் மருமகள். ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள் என்றாலும் மன்றத்தின் செயலாளர். தினமும் குழிக்குள் வெப்பமானியைச் செருகி, சூடு எவ்வளவு, ஈரம் எப்படி, வாசனை எப்படி என்று ஒரு நோட்டில் எழுதிவிடுவாள். ஒருநாள்விட்டு ஒருநாள் கிளறிவிட வேண்டியது என் பொறுப்பு. முதுகு பிடித்துக்கொண்டதால் வாரம் ஒருமுறை கிளறினேன், பிறகு அதுவும் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றினேன். மூன்றாம் மாதம் குழியிலிருந்து கிளம்பிய நாற்றத்தில் தலைமையாசிரியை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்வி அதிகாரி எங்கள் திட்டத்தைப் பார்வையிட வருகிறார், சிறந்த பசுமைப் பள்ளிக்கு விருது தரப் போகிறார்கள் என்று ஓலை வந்தது.

அக்கா, நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் விடுமுறை. நர்சரிக்குப் போய் நன்றாக மக்கிய உரமாக இரண்டு பை வாங்கிவந்து, குழியில் கிடந்த கூழை ஓலைப்பாயால் மூடி, மேலே இதைக் கொட்டிப் பரப்பினேன். பரப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே வெப்பமானியும் கையுமாக என் மகள் நிற்கிறாள். விடுமுறையிலும் அளவெடுக்க வருவாள் என்று எந்த அப்பனுக்குத் தோன்றும்?

"அப்பா, இது நம்ம குழியோட உரமா?"

"நம்ம குழிக்குள்ளதானே இருக்கு?"

"நோட்ல என்ன எழுதறது?"

"எதையாவது எழுது போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் வெப்பமானியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அதிகாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "அடடா, என்ன சுத்தம்! எப்படி சார் சாதிச்சீங்க?" என்றார். "எல்லாம் பொறுமைதான் சார்" என்றேன். இந்த வாய்க்கு எத்தனை அடி கொடுத்தாலும் தகும். விருது உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அந்தத் தினசரி நோட்டையும் விழாவில் எல்லாப் பள்ளிகளும் பார்க்கும்படி வைக்க வேண்டும், திங்கட்கிழமை அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லிப் போனார்.

அன்று மாலை மகளிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு பக்கம்மா. கிழிச்சுட்டா குடி முழுகிடுமா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கேன் சார்" என்றாள். கவனித்தாயா, சார்! பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள், அது முறை. இப்போது வீட்டிலும் அதேதான். "சார், சாப்பிட வாங்க." "சார், துண்டு கீழே விழுந்திருக்கு." ஐந்து நாளாக அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வரவில்லை. விருது போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றுகிறது, இதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நோட்டில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாளோ என்று திறந்து பார்க்கவும் பயமாக இருக்கிறது. அத்தை சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். ஆகவே நீ எப்படியாவது அவளைப் போனில் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். விழாவுக்கு அத்தானோடு கட்டாயம் வந்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். வாங்கிக்கொள்ள மாட்டோம் என்கிற வயதுக்கு வந்துவிட்டவர்களுக்கு ஆசிகள். உன் மனசுபோல எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

என்றும் உன் சொல் கேட்கும்,
தம்பி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். மேலே உள்ளதை எழுதி முடித்த கையோடு அவளே நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். திறந்து பார்த்தேன். எண்பத்து நாலு நாள், ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள். 'இன்று நாற்றம் அதிகம். சார் கிளறவில்லை' என்றுகூட இருக்கிறது. அந்த விடுமுறை நாளுக்கு மட்டும் தேதி போட்டுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அடியில் பென்சிலால், 'இதை அப்பா எழுதுவாங்க' என்று ஒரு வரி. கண் கலங்கிவிட்டது அக்கா. பிறகு, 'இன்று கடையில் வாங்கிய உரம் இரண்டு பை கொட்டப்பட்டது. கொட்டியவன் நான். எங்கள் குழி இன்னும் மக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியைக்கும் போன் செய்து ஒப்புக்கொண்டேன். அவர், "அப்ப அந்த நாத்தம் மட்டும்தான் சார் நம்மளோடதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆகவே விருது கிடையாது, விழாவுக்கு வர வேண்டாம். மகள் விளையாடிவிட்டு வந்து நான் எழுதியதைப் படித்தாள். "மூணு பை அப்பா" என்று மட்டும் சொல்லி, பேனாவை என் கையில் கொடுத்தாள். உனக்கு மேலே எழுதியிருக்கும் இரண்டு பை என்பதையும் மூன்று என்று திருத்திக்கொள். இந்தக் கடிதத்தையே கிழித்துப் போட்டிருக்கலாம்தான். கிழிக்கிற புத்தி இனி வேண்டாம் என்று அப்படியே அனுப்புகிறேன்.