காட்டிக்கொடுக்கும் வேர்வை

துவைக்கப் போட்ட சட்டையை உதறிய செவந்தி, செல்போனை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு லட்டு. சரிதானே?"

குளித்துவிட்டு வந்த ஆத்மநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசில் யாருக்கோ பேரன் பிறந்த லட்டு அது. பாதியை அங்கேயே தின்று, மீதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, வழியில் முடித்திருந்தார்.

மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை முறைத்தார். சிங்கப்பூரிலிருந்து மகள் காவ்யா அனுப்பியது. வேர்வையை வைத்தே சர்க்கரையைக் கண்டுபிடித்துச் செல்போனில் காட்டுமாம். செவந்திதான் கட்டிவிட்டாள். அடுத்த டெஸ்ட்டில் சர்க்கரை குறையாவிட்டால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்ற சொல்லுக்கே மயங்குகிறவர் ஆத்மநாதன்.

"லட்டு, ஜாங்கிரின்னு வேர்வைக்குப் பேரு கூடவா தெரியும்?"

"ஒங்க மக அனுப்புனதுக்குத் தெரியாதா?"

வேர்த்தால்தானே வம்பு? மறுநாள் ஏ.டி.எம். அறையின் ஏ.சி.யில் நின்று ஜாங்கிரி தின்றார்.

"பணம் எடுக்கலைன்னா வெளிய போயித் தின்னுங்க சார்," என்று காவலாளி விரட்டினார். மீதி ஜாங்கிரி சட்டைப்பைக்குள் போனது.

சாயங்காலம் சட்டையை உதறிவிட்டுச் செவந்தி போனைப் பார்த்தாள். "ஜாங்கிரி!"

ஆபீஸ் நண்பர் தங்கமுத்து யோசனை சொன்னார். "வேர்வையைப் பூரா ஓடியே வெளியேத்திட்டா, அப்பறம் அது என்னத்தக் காட்டிக்குடுக்கும்?"

சட்டைப்பையில் மைசூர்பாகோடு புதுக்குளத்தைச் சுற்றி ஆபீஸ் பேண்ட்டோடு ஓடினார் ஆத்மநாதன்.

"யாரும் தொரத்துறாங்களா சார்?" என்று நடைப்பயிற்சிக்காரர்கள் பதறினார்கள்.

வீட்டில் சட்டை உதறப்பட்டது. "மைசூர்பாகு. அதுவும் தூளாப் போனது!"

மனிதர் அடங்கிப்போனார். இனிப்பைக் கண்டால் பட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை, பழகிவிட்டது.

டெஸ்ட் நாள். இருவரும் ஆஸ்பத்திரியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சுகர் நல்லாக் கொறஞ்சிருக்கு சார். ஊசி வேணாம்," என்றாள் நர்ஸ்.

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டையை அவிழ்த்து முத்தமே கொடுத்தார்.

"எல்லாம் இந்தச் சாமி புண்ணியம்மா! என்ன தின்னாலும் பேரோட சொல்லிரும்!"

செவந்தி அவசரமாக ஃபேனைப் பார்த்தாள்.

நர்ஸ் பட்டையை வாங்கித் திருப்பினாள்.

"இதுவா? சென்சார் மேல ஒட்டுன பிளாஸ்டிக்கையே இன்னும் உரிக்கலையே சார்!"