வெள்ளை ஜாஸ்தி

கமலக்கண்ணன் பாதி நெய்த கல்யாணப் பட்டைத் தறியில் அப்படியே விட்டுவிட்டு அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடியும் கேட்டான். ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் கனிமொழி அனுப்பியிருந்தாள்.

"அண்ணா, பாத்தேன். வெள்ளை ரொம்ப ஜாஸ்தி, செவப்பு கம்மி. மாத்த முடியுமான்னு ஜல்தியா பாருங்க."

உடம்பு அசதி என்று காலையில்தான் அங்கே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். திருப்பிக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. நேரில் போய்க் கேட்கப் பயம். போனால் நாளே குறித்துக் கொடுத்துவிடுவாள்!

"ரத்தத்தையே மாத்தணுமாம், பானு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்து அழுதான்.

பானுப்ரியாவின் அண்ணன் வீரபாகு ஓடி வந்தார். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். போனில் தேடிப் படித்தார்.

"வெள்ளையணு எலும்பு மஜ்ஜைல உற்பத்தி ஆவுதாம். ஜாஸ்தியானா..." மேலே படிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கமலக்கண்ணன் மறுபடி அழ ஆரம்பித்தான்.

"விடு மாப்ள. வெள்ளை நூலை செவப்பாக்கறது நமக்கு இன்னா புதுசா?"

தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து பீட்ரூட் ஜூஸ் வந்தது. ஈ மொய்த்த சொம்பு. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து அலறல்.

"மச்சான்! செவப்பா போவுது! இருந்ததும் கரைஞ்சு போயிகினு இருக்குது!"

"சாயம் நிக்கல," என்றார் வீரபாகு, தொழில் கவலையோடு. "புளிப்பு ஏத்தணும்."

புளிக்கரைசல் ஏற்றினார்கள். வயிறு எரிந்தது.

"எரியுதா? அப்ப புடிக்குதுன்னு அர்த்தம்."

சாயங்காலம் வயிற்றுப்போக்கு. அதற்கும் மேல் குளிர்ஜுரம். டாக்டரிடம் போகலாம் என்று பானுப்ரியா கெஞ்சினாள்.

"சூட்டுல தான் சாயம் ஏறும், பேஜார் பண்ணாதே," என்று தங்கையை அதட்டிவிட்டு, மாப்பிள்ளை மேல் இன்னொரு கம்பளியைப் போட்டார்.

கமலக்கண்ணன் உயிர் மேலிருந்த ஆசையை விட்டுவிட்டான். பாவம், அவன் கவலை இப்போது மனைவியைப் பற்றித்தான். "பானு, எனக்கப்புறம் உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட உங்கண்ணனைக் கூப்பிடாதே."

அதைக் கேட்டதும் பானுப்ரியா அழுகையை நிறுத்திவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் சுபத்ரா குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிசல்ட்டைக் கனிமொழியே கொண்டுவந்தாள்.

"வெள்ளையணு ஏறித்தான் இருக்குது," என்றார் டாக்டர். "அதுக்கு எதுக்குங்க அழறீங்க? வயித்துல கிருமி பூந்துட்டுது. அதோட சண்டை போடத்தான் உங்க எலும்பு மஜ்ஜை வெள்ளையணுவை உருவாக்கி ரத்தத்துல அனுப்புது. அதுங்க கிருமியை முழுங்கிட்டுத் தானும் சாவுது. உங்களுக்காகத் தான்."

கமலக்கண்ணன் தன் வயிற்றைத் தடவிக்கொடுத்தான். தனக்காகச் சாகிறவர்கள் மேலா புளியை ஊற்றினோம்?

"அப்ப மொத நாளே ஜாஸ்தியா இருந்துச்சே டாக்டரம்மா? அது எந்தக் கிருமிக்கு?"

டாக்டர் கனிமொழியைப் பார்த்தார்.

"மெஷின் ரிப்பேர்னு அன்னிக்கு உங்க ரத்தத்தை டெஸ்டே பண்ணலியே அண்ணா... நான் சொன்னது, நீங்க போட்டோ அனுப்புன என் கல்யாணச் சேலையை!"