புளிச்சோற்றில் புதைத்த வாட்ச்

பயந்தாங்கொள்ளியிடம் விலையுயர்ந்த பொருளைக் கொடுத்தனுப்பவே கூடாது. திருடனிடம் கொடுத்தால் பொருள் போவதோடு சரி. பயந்தவன் கையில் அது படாத பாடு படும். எழுபதுகளில் இந்த உண்மை என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாமாவுக்குக் கொல்லங்கோட்டில் நெல்வயலும் மாந்தோப்பும் இருந்தன. கூடவே ஒரு பைத்தியமும். பழைய சுவிஸ் வாட்சுகள். மலையை விட்டுக் கிளம்பும் எஸ்டேட் துரைகளிடம் வாங்கிச் சேர்த்தவை. விருந்துக்குக் கட்டுகிற, அப்பளம்போல் மெலிந்த தங்க வாட்சுகள். நொடிமுள்கூட இருக்காது.

"கோட்டுக் கைக்குள்ள சத்தமில்லாம ஒளிஞ்சுக்கோணும் மாப்ள, அதுதான் அழகு" என்பார். (அவர் ஆயுளில் கோட்டுப் போட்டதில்லை.)

மலைமேல் சின்னக்கானல் எஸ்டேட்டில், ஊர் திரும்பவிருந்த மேனேஜர் ஒருவர், தன் வாட்சைக் கொடுத்து மாமாவுடையதில் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அறுவடை நேரம் என்பதால், தன்னிடம் இருந்ததிலேயே மெல்லியதை மாமா என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பில் கிடையாது. வெளிநாட்டு வாட்ச் என்றால் செக்போஸ்டில் பிடுங்கிக்கொண்டு உள்ளே தள்ளுவார்கள் என்று எவனோ சொல்லியிருந்தான். பொள்ளாச்சி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. உடுமலை பஸ் ஸ்டாண்டில் யோசனை உதித்தது. அக்கா கட்டித் தந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, வாட்சை நடுவில் புதைத்து மூடினேன். (என் மூளையை நினைத்து நானே பெருமைப்பட்டேன்.)

மலையடிவாரச் செக்போஸ்டில் அதிகாரி ஒருவர் பஸ்ஸில் ஏறினார். நேராக என்னிடம் வந்தார். பஸ்ஸிலேயே முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

"பொட்டலத்துல என்னங்க, அரிசியா?"

"சோ... சோறுங்க. புளிச்சோறு. நீங்க சாப்புடறீங்களா?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. பயத்தில் நாக்கு தானாகவே உபசரித்துவிட்டது. அவருக்கும் நல்ல பசி போலிருக்கிறது. ஒரு கை அள்ளினார். இன்னொரு கை. மூன்றாவதில் 'டக்' என்றது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து வாட்சை வெளியே எடுத்தார்.

"இதை எதுக்குங்க சோத்துக்குள்ள வெச்சீங்க?"

"நீங்க புடுங்கிக்குவீங்கன்னு பயந்துட்டனுங்க."

"நாங்க தேடறது அரிசிக் கடத்தலுங்க. கையில கட்டியிருந்தா யாரு பாக்கப் போறாங்க?"

பஸ்ஸே சிரித்தது. "இருங்க, கழுவித் தர்றேன்" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் கீழே இறங்கி, செக்போஸ்ட் பானைத் தண்ணீரில் வாட்சை முக்கி எடுத்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. நல்ல மனிதர்.

சின்னக்கானல் மேனேஜர் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கில் வைத்துப் பார்த்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்தேன். மாமா முகத்தைப் பார்த்ததும் உண்மை முழுவதையும் உளறினேன். அதிகாரி கடித்ததில் நெளிந்து விலகியிருந்த பின்மூடியை அவர் திறந்தார். பல்சக்கரத்தின்மேல் ஒரு கடுகு.

அதை நகத்தால் எடுத்து முகர்ந்து பார்த்து, "தாளிப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அந்த வாட்ச் அப்புறம் ஓடவே இல்லை. பல வருடம் கழித்து, கோயமுத்தூர்க்காரர் ஒருவர் தங்கத்துக்காகவாவது அதைத் தரும்படி கேட்டார். மாமா பெட்டியை மூடினார்.

"அதை மட்டும் தர மாட்டேனுங்க. அதுக்குள்ள எம் மச்சினன் இருக்கறான்."