பசை அண்ணாச்சியும் மஞ்சள் தண்ணீரும்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் கார் பாகத்தை ஒட்டுகிறவன், கண்ணாடியை ஒட்டுகிறவன் என்று ஆயிரம் பேர் இருக்கலாம். மனிதத் தோலை ஒட்டவென்றே பிறந்தவர் எங்கள் பசை அண்ணாச்சி ஒருவர்தான். அவர் நிஜப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

வெட்டுக்காயத்தைத் தையல் போடாமல், நொடியில் ஒட்டும் பசையை உருவாக்குவதுதான் எங்கள் ஆய்வகத்தில் அவர் வேலை. சோதித்துப் பார்க்கக் கோழித்தோல் வேண்டும். பென்னலூர் கறிக்கடையில் தினமும் ரகளை.

"கறி வேணாமா? தோலை வச்சிக்கினு இன்னா சார் பண்ணுவ?"

"கிழிச்சு ஒட்டுவேன்."

"நாங்க உரிக்கிறோம், நீ ஒட்டப் போறியா? காலங்காத்தால கலாய்க்காத சார்!"

பாதி நாள் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டேதான் அலைவார். ஒருமுறை கேன்டீன் டம்ளரோடு கை ஒட்டிப்போய், அதோடே மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்தார். யாரோ அதில் காபியும் ஊற்றினார்கள்.

அந்தப் பசைக்கு ஈரம் பட்டால் போதும், கல்லாகிவிடும். இது தெரியாத குமார், எங்கள் கான்ட்ராக்ட் ஹெல்ப்பர், ஆயுத பூஜையன்று ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து உள்ளே மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டான்.

"மூடி மேல தெளிச்சா உள்ள போவுமா சார்?" என்று என்னிடமே நியாயம் கேட்டான். ஒரு மாத உழைப்பு கூழாங்கல் ஆகிக் கிடந்தது.

மறுநாள் முதலாளி வந்து பார்த்தார்.

"எவன்யா தண்ணி ஊத்தினது? இன்னைக்கே அவன வெளிய அனுப்பு!"

குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு.

"நான்தான் சார்," என்றார் அண்ணாச்சி. "எம்புட்டு வேகமா இறுகுதுன்னு பாத்தேன்."

"மொத்த சரக்குலயுமா பாப்ப?"

"ஒரு பாட்டில்ல பாத்தா நம்ப மாட்டீயளே!"

முதலாளி ஆத்திரத்தில் மேஜையை ஓங்கி அடித்தார். அடித்த இடத்தில் அன்று காலை செய்த புதுப்பசை சொட்டியிருந்தது. கை வரவில்லை.

"இழுக்காதிய சார், தோல் பிஞ்சிரும்! இறுகினப்புறம் வெந்நீர் சோப்புக்குத்தான் இளகும்!" என்று அண்ணாச்சி வெந்நீரும் சோப்பும் ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மெல்ல விடுவித்தார். அதுவரை திட்டியபடி அங்கேயே நிற்பதைத் தவிர முதலாளிக்கு வேறு வழியில்லை. கை விடுபட்டதும் அண்ணாச்சியின் அந்த வருஷ இன்க்ரிமென்ட்டை ரத்து செய்துவிட்டுப் போனார்.

குமார் அழுதுவிட்டான். "இன்னாத்துக்கு அண்ணாச்சி உங்க மேல போட்டுக்கினீங்க?"

"என்னைய வீட்டுக்காரி திட்டுவா. உனக்கு வேலையே போயிருக்கும்லா? போலே, மேஜையத் தொடச்சு வையி."

இப்போதும் அவரைப் பைத்தியம் என்று வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அப்படிச் சொல்ல எனக்கும் குமாருக்கும் மட்டும்தான் உரிமை.