ரக்னாவின் நாவல் இருந்த கணினி

"நில்லு, நில்லு, நில்லு!" என்று எஸ்கில் கணினியிடம் கெஞ்சினான். அது நிற்கவில்லை.

மனைவி ரக்னா நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள், அவளுடைய பழைய கணினியில் இருப்பதையெல்லாம் புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, பிறந்தநாள் பரிசாகக் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்பது திட்டம். எதிலிருந்து எதற்கு என்று கேட்ட இடத்தில் மாற்றி அழுத்திவிட்டான். புது டிஸ்க்கின் வெறுமை பழைய கணினிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

பதறிப்போய் வயரைப் பிடுங்கினான். திரை கறுத்தது. மறுபடி சொருகினான். திரை நீலமாகி அப்படியே உறைந்தது. சரி, பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தபோது, முழங்கை பட்டுக் காப்பிக் கோப்பை உள்ளே கவிழ்ந்தது.

போனது லேசுப்பட்ட பொருள் இல்லை. பெர்கன் துறைமுகத்தைப் பற்றி ரக்னா ஒன்பது வருடங்களாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதிவந்த நாவல். வேறு பிரதி கிடையாது. அடுத்த மாதம் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும்.

ஈரத் தலையோடு வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"முழுசாவா போச்சு?" என்றாள் ரக்னா.

"முழுசா."

"ஒரு வரிகூட மிஞ்சலையா?"

"இல்ல. என்னைத் திட்டு, ரக்னா. கத்தவாவது செய்யேன்."

"போனது போச்சு, விடு. வாஃபிள் சுடட்டுமா?"

அந்தப் பொறுமைதான் அவனை வதைத்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூங்கொத்தோடு வந்து துக்கம் விசாரித்தார்கள். நூலகத்தில் அவளை மேடையேற்றி, எழுந்து நின்று கைதட்டினார்கள். பதிப்பாளர் தோர்மூட் கெடுவை இரண்டு வருடம் தள்ளிவைத்ததோடு, நேரிலேயே ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்.

"நானா இருந்தா இந்த ஆளைக் கடல்ல தள்ளியிருப்பேன்," என்றார், வாஃபிளின் மேல் பழுப்புச் சீஸை அடுக்கியபடி. "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

ரக்னா அடக்கமாகத் தலைகுனிந்தாள்.

"கவலைப்படாதீங்க," என்றான் எஸ்கில். "இவளுக்குத் தெரியாம டிஸ்க்கை ரிப்பேர் கடையில குடுத்திருக்கேன். எப்படியும் மீட்டுடலாம்னு சொல்லியிருக்காங்க."

வாய்வரை போன வாஃபிள் ரக்னாவின் கையில் அப்படியே நின்றது. "எதுக்கு எஸ்கில்? நான்தான் விடுன்னு சொன்னேனே!"

"நீ சொல்லுவ. என் மனசு கேக்க வேண்டாமா?"

அந்நேரம் போன் அடித்தது. கடைக்காரி யோருன். எல்லோரும் கேட்கட்டும் என்று எஸ்கில் ஸ்பீக்கரில் போட்டான்.

"சந்தோஷமா இருங்க, எஸ்கில், ஒண்ணுமே அழியல!" என்றாள் யோருன். "அவங்க கம்ப்யூட்டர்ல ஆடிவச்ச சீட்டாட்டம் அத்தனையும் பத்திரமா இருக்கு. 'முதல் அத்தியாயம்'னு அடிச்சு வச்சிருந்தாங்களே, அதுவும் வந்துடுச்சு. அதுக்குக் கீழ எதாவது இருந்திருக்கும்னு தேடித் தேடிப் பாத்துட்டேன், அது ஆரம்பத்துலேருந்தே வெறும் பக்கந்தான்!"