வரதன் போட்ட சத்தம்

"அந்தப் போனை இன்னிக்கு அடுப்புல போடல, என் பேரு வரதன் இல்ல!"

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை வரதனுக்கு. பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதானாலும் அங்கே அலறித்தான் கேட்க வேண்டும். செருப்பை வாசலில் விடுகிற மாதிரி அந்தத் தொண்டையையும் விட்டுவிட்டு வர அவனுக்குத் தெரியாது. வீட்டுக்குள் அவன் ரகசியம் பேசினால் தெருமுனை டீக்கடையில் பதில் சொல்வார்கள்.

மகள் வினோதா பதினொன்றாம் வகுப்பு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகத்தில் போன் வெளிச்சம். கொஞ்ச நாளாகவே இதே கோலம். சோறு போட்டால் பிசைவாள். கூப்பிட்டால் 'ம்' என்பாள். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி.

"நம்மது கேஸ் அடுப்புய்யா. போனைப் போட்டா ஊடே வெடிச்சிடும்," என்றாள் அவன் மனைவி கன்னியம்மா, வெங்காயம் அரிந்துகொண்டே.

"எல்லாம் நீ குடுக்குற செல்லம்மே! வவுத்து வலியாம், தல வலியாம். எல்லாத்துக்கும் இந்த டப்பாதான் காரணம்!"

வரதன் போனைப் பிடுங்கினான். மகள் சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றான். வரவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது.

அவனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கத்துவதற்கென்றே மூச்சை இழுத்து வைத்திருப்பவன் முன்னால் அழுதால், அந்த மூச்சை அவன் எங்கே கொண்டுபோய் விடுவான்?

"இன்னாத்துக்குடி அழுவுற?"

"ஒண்ணியும் இல்ல நைனா."

"கிளாஸ் பசங்க ஸ்டிக்கர் போட்டுக்கிறானுங்கய்யா," என்றாள் கன்னியம்மா.

"ஸ்டிக்கரா? நெத்தில வெச்சிக்கிறதா?"

"இவ மூஞ்சியவே ஸ்டிக்கராக்கிட்டானுங்க."

அவன் கையிலிருந்து போனை வாங்கித் திறந்து காட்டினாள். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப். எருமை உடம்பு, அதன்மேல் வினோதாவின் முகம். கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். குட்மார்னிங்குக்கு எருமை. பரீட்சைத் தேதிக்கு எருமை. யாருக்கோ பிறந்தநாள், அதற்கும் எருமை.

"அத்த ஏண்டி பாத்துக்கினே கீற? மூடி வெச்சிட்டுப் போவியா!"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாக்கலன்னா இன்னா பேசிக்கிறாங்கன்னே தெரியாது நைனா. அது இன்னும் பயமா கீது."

வரதனுக்குக் காது மடல் கொதித்தது. போனை உடைக்கலாம். குரூப்பை எப்படி உடைப்பது? எதிரில் ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்தே வெடித்தான்.

"டேய்! எருமன்னா கேவலமாடா? எரும பாலு குட்சி வளந்தவன்தானடா நீ! என் பொண்ணு எருமன்னா, அதும் மேல ஏறி வர்ற எமன் நான்டா! எமன்டா!"

கன்னியம்மா மகளின் போனை அவன் பக்கம் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் ஆலை வாசலில் கூட வேலை செய்யும் ராஜமாணிக்கம் கும்பிடு போட்டான். "இன்னா எமா, நாஷ்டா ஆச்சா?"

ராஜமாணிக்கத்தின் மகனும் வினோதா வகுப்புதான். மகன் அனுப்பியது என்று ராஜமாணிக்கம் நீட்டிய போனில் வரதனின் குரல் அலறியது. பின்னால் தாளம் வேறு. 'எமன்டா, எமன்டா' என்று திரும்பத் திரும்ப. படத்தில் மீசையும் கதாயுதமுமாக ஒரு எமன் எருமைமேல் ஆடிக்கொண்டிருந்தான். கேன்டீனில் டீ ஊற்றுகிறவன்கூட தாளத்தோடு ஊற்றினான்.

போன் வந்தது, மானம் போனது. வரதன் கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. வினோதா தட்டை மடியில் வைத்து அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"நைனா! எல்லாரும் உன்னியத்தான் போட்டுக்கினு கீறாங்க. என்னிய மறந்தே பூட்டாங்க! அந்த ஸ்டிக்கர் செஞ்சவன் சாரி கேட்டான். 'உங்கப்பா நெசமாவே வருவாரா'ன்னு கேக்குறான், நைனா!"

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. கோபத்தை அவளிடம் காட்ட மனம் வரவில்லை. அதற்காகக் கோபம் குறைந்துவிடுமா? தன் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். ஆலை ஆட்களின் குரூப்பில் எவன் எவன் சிரித்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். சோறு ஆறியது.

"சாப்புடுய்யா."

"ம்."

கன்னியம்மா போனைப் பிடுங்கித் தலைக்கு மேலே அலமாரியில் வைத்தாள்.

"நான் செவுத்தப் பாத்துக் கத்துனதை அந்தப் பசங்க குரூப்ல எவன்மே போட்டான்? தெரியட்டும், அந்தக் கைய ஒடிச்சிடுறேன்!"

"சிரிக்கிறவனுக்கு எதுனா ஒரு மூஞ்சி வேணும்யா. அவ மூஞ்சி தாங்கல. உன்னிது தாங்கும்."

சொல்லிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து வலது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கைதான். ஒடி. நாளையிலேந்து நீ சோறாக்கு."