நாலு மணங்கு மாப்பிள்ளை

கல்யாணத்தை நிறுத்திய மாமனார்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. மாப்பிள்ளையை நிறுத்த மாமனார் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். (தராசில்தான். ஒரு தட்டில் கல், மறு தட்டில் ஆள், சுற்றிலும் ஊர்.) அந்தத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பண்டம் அடியேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. யுத்தம் இன்னும் வரவில்லை. செல்லூரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். என் உடம்பில் வருஷத்துக்கு இரண்டு ஆள் குடியிருந்தார்கள். மார்கழியில் இருப்பவன் எட்டு இட்லியைத் தின்றுவிட்டு, அடுப்பில் அடுத்த ஈடு வைத்திருக்கிறதா என்று கேட்பான். சித்திரையில் வருகிறவன் ஒன்றரை இட்லியோடு இலையை மடித்துவிட்டு, நீச்சத்தண்ணிச் சொம்பைக் கட்டிக்கொண்டு கிடப்பான். மார்கழியில் இறுகிப்போன சட்டை சித்திரையில் கொடியில் கிடப்பதுபோல் என் மேல் தொங்கும். இதில் என் தப்பு என்னவென்றால், பெண் கேட்கச் சித்திரையில் போனது.

பெண் வேறு யாருமில்லை, என் தாய்மாமன் மகள் பேச்சி. மாமாவுக்கு எழுமலையில் பருத்தி வியாபாரம். சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகளிடம், அதாவது வெள்ளாமைக்காரர்களிடம், பருத்தி வாங்குவார். மாடு வைத்திருப்பவர்களுக்குப் பருத்திக்கொட்டை விற்பார். எனக்கும் பேச்சிக்கும் சின்ன வயதிலேயே முடிச்சுப் போட்ட பேச்சுதான். ஆனாலும் முறைப்படி போய்க் கேட்க வேண்டுமே என்று ஆத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மாமா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஏக்கா, இவனுக்குச் சோறு போடுறியா, காட்டிக் காட்டி எடுத்துக்கிறியா?"

"வெயிலுடா தம்பி. வெயிலுக்கு இவனுக்குத் தொண்டையில எறங்காது."

"எம் பொண்ணு பருத்தி மூட்டைய ஒத்தையில பெரட்டிப் போடுவா. இவன இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுச் சந்தைக்குப் போயிருவா. ஊரு சிரிக்கும்."

என்னைப் பருத்தி மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினார். மூன்று மணங்கு ஐந்து வீசை. எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு; ஆக, நான்கு மணங்குக்கு மூன்று வீசை குறைவு. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"வைகாசி முடியுறதுக்குள்ள நாலு மணங்கு ஆகட்டும். அப்ப வாயார மாப்ளன்னு கூப்பிடுறேன். அதுவரைக்கும் நீ வெறும் வாத்திதான். இல்லேன்னா உசிலம்பட்டியிலருந்து ஒரு வரன் வந்திருக்கு. ஆளு அஞ்சு மணங்கு இருப்பான்."

கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அது அழுகையா, சிரிப்பா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அழுகைதான் வந்தது. பேச்சியை இன்னொருவன், அதுவும் ஐந்து மணங்கில் ஒருவன், கட்டிக்கொண்டு போவதை நினைத்தபோது இருந்த கொஞ்சநஞ்சப் பசியும் போய்விட்டது.

ஆனால் நான் வாத்தியார் அல்லவா? யோசித்தேன். வயிறு என்பது ஓர் அடுப்பு. வெளியே குளிர்ந்தால் உடம்பு சூட்டைத் தேடும். அடுப்பு விறகு கேட்கும். வெளியே அனல் அடித்தால் அடுப்பு அதுவாகவே அணைந்துபோகும். ஆகையால் தப்பு என்னிடம் இல்லை, மதுரையிடம். (இந்த முடிவுக்கு வந்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.) பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்ட மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்கு மோட்டார் ஏறினேன். அங்கே ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் என் சேக்காளி வேலு வேலையாக இருந்தான்.

மலையேறிய முதல் நாள் பல் கிட்டியது. இரண்டாம் நாள் காதுமடல் காணாமல் போனதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில், ஐயா, பசித்தது பாருங்கள்! அது நம்மூர்ப் பசி இல்லை. கூப்பிட்டு வாசலில் நிற்கிற பசி இல்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிற பசி. வேலு வைத்த கஞ்சியைக் குடித்தேன். அவனுக்கு வைத்திருந்ததையும் குடித்தேன். சுட்ட கிழங்கு, அவித்த கிழங்கு, வறுத்த கிழங்கு, குழம்பில் கிடந்த கிழங்கு என்று எதையும் விடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஒரு தரம் தட்டில் கைவைத்துவிட்டுத்தான் அது வேலுவின் தட்டு என்று கவனித்தேன்.

"மாப்ள, நீ பொண்ணு கட்டுறதுக்குள்ள எங்க மொதலாளி மண்டியச் சாத்திருவாருடா" என்றான் அவன்.

மூன்று வாரம் முடிந்து மண்டித் தராசில் ஏறினேன். நான்கு மணங்கு இரண்டு வீசை! இறங்கி மறுபடி ஏறினேன். அதேதான். அங்கேயே ஒரு கார்டு வாங்கி மாமாவுக்கு எழுதினேன். 'தங்கள் உத்தரவுப்படி நாலு மணங்கும், அதற்கு மேல் கொசுறாக இரண்டு வீசையும் ஆகியிருக்கிறேன். தராசைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கவும்.' கொசுறு என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய எழுத்திலேயே மிகவும் முட்டாள்தனமான எழுத்து அதுதான்.

மலையிலிருந்து இறங்கி நேரே எழுமலைக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆத்தா விடவில்லை. ஜோசியரைக் கேட்டிருந்தாள். ஒரு நாள் அஷ்டமி, மறுநாள் நவமி, அதற்கடுத்து கரிநாள், பிறகு எனக்குச் சந்திராஷ்டமம் இரண்டேகால் நாள். ஆக ஆறு நாள் செல்லூரில் காத்திருக்க வேண்டும் என்றாள்.

அந்த ஆறு நாளும் அக்னி நட்சத்திரத்தின் பின்னேழு, உச்சக் கடைசி ஏழு நாள். எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் தறி ஓடும். காற்று மட்டும் ஓடாது. முதல் நாளே அடுப்பு அணைந்துவிட்டது. ஆத்தா கறிச்சோறு பிசைந்து, நான் கைக்குழந்தை என்பதுபோல் உருட்டி உருட்டிக் கொடுத்தாள். வாயில் வைத்தால் அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தண்ணீராகக் குடித்தேன், குடித்ததெல்லாம் முதுகு வழியே வெளியேறியது. கொடைக்கானலில் கிழங்கு கிழங்காகச் சேர்த்த உடம்பு, பாய் நனைய நனைய என் கண் முன்னாலேயே கரைந்தது. நாளுக்கு நாள் வேட்டி முடிச்சை இறுக்கிக் கட்டினேன். ஆத்தாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது, அவளும் சொல்லவில்லை.

நல்ல நாள் பார்த்து எழுமலைக்குப் போய் இறங்கினோம். என் கார்டை மாமா ஊருக்கே படித்துக் காட்டியிருந்தார் போலிருக்கிறது. கிட்டங்கி வாசலில் பருத்தி மூட்டைகளோடு பத்துப் பதினைந்து சம்சாரிகள், வேடிக்கை பார்க்கவே தோதாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கொசுறு வந்திருச்சுப்பா" என்றார் ஒருவர்.

அதுவரை பருத்தி நிறுத்துக்கொண்டிருந்த தராசில் மாமா என்னை ஏற்றினார். கையோடு கையாகக் கற்களை எடுத்து மறு தட்டில் வைத்தார். நான்கு மணங்குக் கல் ஏறியதும் நான் அந்தரத்துக்குப் போய்விட்டேன். மாமா கல்லைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் முள் நேராக நின்றபோது மூன்று மணங்கு ஆறு வீசை.

"ரெண்டு வீசை கொறையுது வாத்தி" என்றார் மாமா. அவர் குரலில் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். "கொசுறு எங்கடா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தராசுச் சங்கிலி ஆடியது. ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு இறங்கக்கூடத் தோன்றவில்லை. தட்டிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வியர்வை சொட்டியது. (இன்னும் குறைந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.)

அப்போதுதான் கிட்டங்கிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல்தான். ஆனால் கடைசி மூட்டைவரை கேட்டது.

"அய்யா, அது வாங்குற கல்லு."

மாமா திரும்பினார். பேச்சி நிலைப்படியில் நின்றாள். முகத்தில் பச்சைப் பிள்ளைக் களை.

"பருத்தி நிறுத்த கையோட மறந்து அதையே வச்சுட்டீக. அது செவப்புப் பொட்டுக் கல்லு. மச்சான நாம வெலைக்கா வாங்கப் போறோம்? பொண்ணக் குடுக்கத்தானே போறோம்? குடுக்கிறதுக்கு வெள்ளப் பொட்டுக் கல்லுல்ல வைக்கணும்?"

சிரிப்பு நின்றது. தறி நின்ற செல்லூர்போல அப்படி ஓர் அமைதி. வெள்ளைச்சாமி என்று ஒரு சம்சாரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாங்குறதுக்குத் தனிக் கல்லு இருக்கா அண்ணே?"

"வெயிலு வெள்ளைச்சாமி. புள்ள என்னமோ ஒளறுது."

"வெயிலு எங்களுக்குந்தான் அடிக்குது. அந்த வெள்ளப் பொட்ட எடுத்து வையிங்க, பாப்பம்."

வேறு வழியில்லை. கொட்டை விற்கிற கல் வந்தது. நான்கு மணங்குக் கல்லையும் முழுசாக ஏற்றினார்கள். முள் ஆடியது, யோசித்தது, நேராக நின்றது. அதே உடம்பு, அதே தட்டு, அதே வியர்வை. நான்கு மணங்கு!

என் வாழ்க்கையில் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு நாள்தான். ஆனால் என்னை யாரும் இறங்க விடவில்லை. "வாத்தியாரே, அசையாதீங்க. நீங்கதான் சாட்சி" என்றார் வெள்ளைச்சாமி. ஒரு பக்கம் சிவப்புப் பொட்டு, மறு பக்கம் வெள்ளைப் பொட்டு, நடுவில் நான். வாங்குகிற கல் சரி என்றால் விற்கிற கல் பொய். விற்கிற கல் சரி என்றால் வாங்குகிற கல் பொய். மாமா இரண்டையும் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தபோது முகம் திடீரென்று மலர்ந்தது.

"மாப்ளைக்கு நாலு மணங்கு! பாத்தீகளா மாப்ளைய? எறங்குங்க மாப்ள, எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்பீக? ஏ, யாருப்பா அங்க, எல பறிச்சுட்டு வாங்க. இன்னைக்கு நிச்சயதார்த்தம். ஒருத்தரும் சாப்பிடாமப் போகக் கூடாது!"

ஒரே மூச்சில் மூன்று மாப்ள. வெள்ளைச்சாமி சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு, சர்க்கார் முத்திரை குத்திய கல்லில்தான் இனிமேல் பருத்தி நிறுப்பேன் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கை கழுவினார். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. ஆனாலும் நான் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அடுப்பைப் பற்றி நான் கண்டுபிடித்த சாஸ்திரத்தில் சந்தோஷம் என்ற விறகைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் எதற்கும் அந்தப் பேச்சுதான். கோடையில் யாராவது இளைத்துப்போனேன் என்றால், "எந்தக் கல்லுல?" என்பார்கள். என் மூத்த மகன் பிறந்து, ஆஸ்பத்திரியில் நர்சம்மா எடை சொன்னபோது, மாமாவே வாய் தவறி, "அது வாங்குற கல்லா தாயி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் ஓர் உண்மையை நான் பத்து வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள், சந்தேகம் தாளாமல், மதுரை ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் போய் எடை பார்த்தேன். நான்கு மணங்கு என்றால் நூறு பவுண்டு. முள் தொண்ணூற்றேழில் நின்றது, மாமா வீட்டு விருந்தையும் சேர்த்து. அதாவது வாங்குகிற கல்லும் பொய், விற்கிற கல்லும் பொய். யோக்கியமான கல்லில் நிறுத்திருந்தால் எனக்குப் பேச்சி இல்லை.

ஒரு சித்திரை மாதம், ஒன்றரை இட்லியோடு நான் எழுந்தபோது, மனம் கேட்காமல் இதைப் பேச்சியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் மச்சான்."

"எப்படி?"

"அதிகாரி வந்தா மட்டும் எடுக்கிறதுக்குன்னு மூணாவதா ஒரு சர்க்கார் கல்லு பரணுல கெடந்துச்சு. உங்க கழுத்து எலும்பப் பாத்ததுமே அதுல நீங்க நிக்க மாட்டீகன்னு தெரிஞ்சுபோச்சு." ஆவி பறக்கும் இன்னோர் இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தாள். "நான் ரெண்டு கல்லப் பத்தித்தானே வாயத் தொறந்தேன்?"